பிகிலாவின் வெறுங்காலும் ஓட்டக் காலணியும்

அன்புள்ள ஐயா,

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி மாரத்தானில் தங்கம் வென்றார். அப்படியானால் குஷன் வைத்த ஷூக்கள் வியாபாரிகள் உண்டாக்கிய தேவைதானே? இன்று ஓடுபவரை முன்னே உந்த அடியில் கார்பன் தகடு வைத்த ஷூவால், சாதனை வீரருடையதா ஷூவுடையதா என்ற ஐயமும் வந்துவிட்டது. இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

பிகிலாவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ரோமோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1964 டோக்கியோவில் அவர் காலணி அணிந்தே ஓடி, ரோமில் எடுத்ததைவிட ஏறத்தாழ மூன்று நிமிடம் குறைவாக, 2 மணி 12 நிமிடத்தில் மீண்டும் தங்கம் வென்றார். பாதையும் பருவமும் வேறு என்பதால் இது காலணியின் வெற்றி என்று வாதிட மாட்டேன். ஆனால் ரோமில் கிடைத்த காலணி காலுக்குப் பொருந்தாததால், முன்பே பழகியிருந்த வெறுங்காலோட்டத்தைத் தேர்ந்த ஒருவரை ஒரு கொள்கையின் சாட்சியாக நிறுத்துவதும் சரியல்ல.

வியாபாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. குஷன் கூடினால் காயம் குறையும் என்ற விளம்பர வாக்குறுதியை ஆய்வுகள் உறுதியாக ஆதரிக்கவில்லை. ஆயினும் காலணியை மாற்றியதில் விளம்பரத்தைவிடத் தரைக்குப் பங்கு அதிகம் என்பதே என் எண்ணம். 1890களில் இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஜோசப் வில்லியம் ஃபாஸ்டர் செய்த காலணிகளில் மெல்லிய தோலும் அடியில் ஆணிகளும்தான் இருந்தன. புல்லிலும் நிலக்கரிக் கசடு பரப்பிய தடத்திலும் வழுக்காமல் ஓட அவை போதும். 1960களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன், நியூசிலாந்தில் நடுவயதினர் உடல்நலத்துக்காக மெல்லோட்டம் ஓடுவதைக் கண்டு திரும்பி, அப்பழக்கத்தைத் தம் நாட்டில் பரப்பினார். தார்ச்சாலையில் ஓடத் தொடங்கிய அந்தச் சாதாரண மனிதர்களுக்காகத்தான் தடித்த, மென்மையான அடிப்பாகம் தேவைப்பட்டது. அதே பவர்மன், தம் பல்கலைக்கழகத் தடம் செயற்கைத் தளமாக மாறியபின், ஆணியில்லாமலே பிடிமானம் தரும் அடிப்பாகத்தைத் தேடி, வீட்டிலிருந்த, கட்டம் கட்டமாகக் குழி விழும் வாஃபிள் ரொட்டியைச் சுடும் கருவியில் யூரித்தேனை ஊற்றிப் பார்த்தார். கருவி பாழானது, அவர் இணைந்து நிறுவிய நைக்கி நிறுவனத்தின் புகழ்பெற்ற காலணி ஒன்று பிறந்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1968இல் பூமா நிறுவனம் செயற்கைத் தடத்துக்கென்றே, சில பெரிய ஆணிகளுக்குப் பதிலாகத் தூரிகை போல 68 சிற்றாணிகள் கொண்ட காலணியைச் செய்தது. அதை அணிந்து, கலிபோர்னியாவின் எக்கோ சம்மிட்டில் நடந்த அமெரிக்கத் தகுதிப் போட்டியில் ஜான் கார்லோஸ் 200 மீட்டரை 19.92 விநாடியில் ஓடினார். அது அப்போதைய உலக சாதனையைவிடக் குறைந்த நேரம். காலணி விதிக்குப் புறம்பானது என்று கூறி, அந்த நேரத்தை உலக சாதனையாக ஏற்க சர்வதேசத் தடகள அமைப்பு மறுத்துவிட்டது.

2020இல் உலகத் தடகள அமைப்பு இவ்வளவு கண்டிப்பு காட்டவில்லை. சாலை ஓட்டக் காலணியின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அது வகுத்த எல்லைக்குள், சர்ச்சைக்குக் காரணமாகி ஏற்கெனவே கடைக்கு வந்திருந்த காலணிகள் அடங்கிவிட்டன. விதியைப் பார்த்துக் காலணி செய்ததாக அல்ல, காலணியை அளந்து விதி எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் அதை ஓடியவர்களிடம் அல்ல, விதி எழுதியவர்களிடம் கேட்க வேண்டும்.