முதல் காரை லோனில் வாங்கும்போது ஷோரூமில் விலை பேச முடியுமா?

மதுரையில் 45,000 ரூபாய் சம்பளத்தில் முதல் கார் வாங்கப் போவதாகச் சொல்லி, பேரம் பேசலாமா, லோனை ஷோரூமிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பேசலாம். ஆனால் உட்கார்ந்ததும் ஒரு கேள்வி வரும்: "மாசம் எவ்வளவு சார் கட்டலாம்னு பாக்குறீங்க?" அதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பைபாஸ் ரோட்டில் ஒரு ஷோரூமில் நான் 15,000 என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் நான் பார்க்கப் போன மாடல் பேச்சிலேயே இல்லை. அதற்கு மேல் வேரியன்ட், 7 வருட லோன், இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ், கூடுதல் வாரன்டி எல்லாவற்றையும் சேர்த்து, மாசம் 14,800 என்று ஒரு தாளை நீட்டினார்கள். கார் விலை எவ்வளவு என்பதை அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வட்டி மொத்தம் எவ்வளவு என்பது எங்கேயுமே இல்லை.

நல்லவேளை, அப்பா கூட வந்திருந்தார். முப்பது வருடம் மாட்டு வியாபாரம் பார்த்தவர், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிப் பழகியவர். அச்சடித்த தாளில் அவர் என்ன பேசப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, தாளை நீட்டிய ஷோரூம் பையனிடம் கொடுத்தார். "தம்பி, இதுல சர்க்காருக்குப் போறது எது, உங்களுக்கு நிக்கிறது எது? பிரிச்சு எழுதிக் குடுங்க" என்றார்.

நீங்களும் இதையே கேளுங்கள். பிரித்துப் பார்த்தால்தான் எங்கே பேச முடியும், எங்கே முடியாது என்பது தெரியும். ஜி.எஸ்.டி. எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே (ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேராத விலை) இருக்கிறது. ரோடு டாக்ஸும் பதிவுக் கட்டணமும் அரசாங்கத்துக்குப் போவது. இவற்றில் யாராலும் குறைக்க முடியாது. மிச்சம் பெரும்பாலும் பேசக்கூடியதுதான்.

எங்கள் தாளில் இன்சூரன்ஸ் 52,000 என்று இருந்தது. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்கு எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே ஐ.டி.வி. (காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (உதிரிபாகத் தேய்மானத்தைக் கழிக்காத காப்பீடு) வைத்து வெளியே ஒரு ஏஜென்ட்டிடம் கேட்டதில் 41,000 என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டியதும் இவர்களும் 41,500-க்கு இறங்கி வந்தார்கள். 'ஹேண்ட்லிங்' என்ற பெயரில் 8,500 போட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டோம், மேனேஜர் வந்து அந்த வரியைக் கோடு போட்டு நீக்கிவிட்டார். ஆக்சசரீஸ் 24,000-ஐ முழுதாக எடுக்கச் சொன்னோம். மேட்டையும் சீட் கவரையும் பிறகு வெளியே வாங்கிப் போட்டுக்கொண்டோம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கார் விலையில் தள்ளுபடியைப் பற்றிப் பேச வேண்டும். கம்பெனி தருவது ஒன்று, டீலர் தன் கையில் இருந்து தருவது ஒன்று, நீங்கள் வேலை பார்க்கும் இடத்தை வைத்துக் கிடைக்கும் கார்ப்பரேட் தள்ளுபடி ஒன்று. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வேலை பார்க்கும் இடத்து அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். அதே கம்பெனியின் வேறொரு டீலரிடமும் எழுத்தில் விலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை.

வேரியன்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது 10 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ரோடு டாக்ஸை ஏற்றினார்கள். 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,83,600. விலையில் 30,000 வித்தியாசம், கையை விட்டுப் போவது 84,900. அதை முழுவதும் 9 சதவீதத்தில் 7 வருட லோனில் ஏற்றினால் கடைசியில் 1,15,000 ரூபாய் பக்கம் கட்டியிருப்பீர்கள். ஆனால் ஷோரூமில் இதை "மாசம் 1,400 ரூபாய்தான் சார் கூட வரும்" என்றுதான் சொல்வார்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும், ஆனால் அன்றைக்குக் கையில் இருந்துதான் கொடுக்க வேண்டும். நாங்கள் வாங்கியபோது சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம் ஆகிவிட்டது. பழைய விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

லோனுக்கு வருகிறேன். ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே, சம்பளம் வருகிற வங்கியில் சாங்ஷன் கடிதம் (இவ்வளவு லோன் தருகிறோம் என்ற ஒப்புதல்) வாங்கிவிடுங்கள். அது பையில் இருந்தால் ஷோரூம் லோனை எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்கள் வட்டியைக் குறைத்துக் கொடுத்தால் அங்கேயே எடுங்கள், தப்பில்லை. ஆனால் 'ஃபிளாட்' வட்டி (அசல் குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் போடும் வட்டி) சொன்னால் உஷாராக இருங்கள். 8 லட்சத்துக்கு 5 வருடம், 5.5 சதவீதம் ஃபிளாட் என்றால் மாசம் 17,000. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் அது கிட்டத்தட்ட 10 சதவீதத்துக்குச் சமம். வங்கியில் 9 சதவீதம் என்றால் 16,607-தான். கேட்பதற்கு 5.5 குறைச்சலாகத் தெரியும், கட்டும்போதுதான் கூட வரும்.

2024 அக்டோபர் முதல் எந்தச் சில்லறைக் கடனுக்கும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிராசஸிங் கட்டணமெல்லாம் சேர்ந்த வருட வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு லோன்களை ஒப்பிட அந்த எண் ஒன்று போதும். முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள்.

உங்கள் சம்பளத்துக்கு மாதத் தவணை 10,000 பக்கம் நிற்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். 9 சதவீதத்தில் 5 லட்சம் 5 வருடத்துக்கு 10,379 வரும். பெட்ரோல், சர்வீஸ், வருடா வருடம் இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல்தான். 7 வருடத்துக்கு நீட்டித்துப் பெரிய வண்டி எடுக்காதீர்கள். 8 லட்சத்துக்கு 5 வருடத்தில் வட்டி 1.96 லட்சம், 7 வருடத்தில் 2.81 லட்சம்.

டெஸ்ட் டிரைவை சாயங்காலம் வைத்துக்கொண்டு, வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, காளவாசல் நெரிசலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கிளட்ச் எப்படி, பின்னால் உட்காருகிறவர்களுக்கு முழங்கால் இடிக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நாள் பார்த்துவிட்டதை வெளியே சொல்லாதீர்கள். "பூஜைக்கு என்னைக்கு சார் நாள்?" என்று அக்கறையாகத்தான் கேட்பார்கள். தேதியைச் சொல்லிவிட்டால் உங்களுக்குத்தான் அவசரம் என்று தெரிந்துவிடும், அதோடு விலை நின்றுவிடும். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் ஆட்கள் வண்டி எடுக்கத் தயங்குவதால் அப்போது நன்றாகவே இறங்கி வருவார்கள். மார்கழியில் விலை பேசித் தையில் எடுப்பதாக இருந்தால், வண்டி எந்த வருடத் தயாரிப்பு என்பதை சேசிஸ் நம்பரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். நாளைக்கு விற்கப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

பதிவு செய்வதற்கு முன்னால், டீலர் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் யார்டுக்கே போய் வண்டியைப் பாருங்கள். பதிவாகி உங்கள் பேருக்கு வந்துவிட்டால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது கஷ்டம். நாங்கள் போனபோது அப்பா குனிந்து, சந்தையில் மாட்டின் காலைத் தடவிப் பார்ப்பது போல நாலு டயரையும் கையால் தடவினார். பின்பக்க இடது டயரின் ஓரத்தில் சின்ன வெட்டு. பம்பரில் கீறலை மறைத்துப் பாலிஷ் போட்டிருந்தது. வேறு வண்டி கொடுங்கள் என்றோம், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பாண்டி கோயிலில் பூஜைக்குச் சொல்லி வைத்திருந்த வெள்ளிக்கிழமை தள்ளிப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு வண்டியை அதே யார்டில் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் பதிவுக்குக் கொடுக்கச் சொன்னார் அப்பா.