பழைய கைப்பையும் இணைய ஏலமும்: கேட்டதும் சொன்னதும்

பதினான்கு ஆண்டுகளாக நியூ ஜெர்சி வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து, பெரிய பிராண்ட் கைப்பைகளை இணைய ஏலத்தில் வாங்கியும் விற்றும் வருகிறேன். கடை கிடையாது. ஒரு மேசை, நல்ல விளக்கு, பூதக்கண்ணாடி, தபால் தராசு, அவ்வளவுதான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

டொராண்டோவிலிருந்து: அக்கா, ஏலத்தில் லூயி வித்தோன் பிராண்டின் ஸ்பீடி 30 பை ஒன்று பார்த்தேன். முன்பக்கம் சரியாக இருக்கிறது, பின்பக்கத்தில் எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன. போலிதானே?

அவசரப்படாதீர்கள். மோனோகிராம், அதாவது எல்வி எழுத்துகள் அச்சிட்ட பழைய பாணி ஸ்பீடியில் அப்படித்தான் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் தொடங்கும் ஒரே துணி, அடியில் வெட்டில்லாமல் சுற்றி பின்பக்கம் ஏறுகிறது. முன்னால் நிமிர்ந்து நிற்கும் எழுத்து பின்னால் தலைகீழாகத்தானே வரும்? இரண்டு பக்கமும் நிமிர்ந்து நின்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இன்னொன்று, அந்தப் பையின் உடம்பு தோல் அல்ல, பூச்சுப் பூசிய கேன்வாஸ். கைப்பிடியும் ஓரப்பட்டையும் மட்டுமே சாயமேற்றாத மாட்டுத்தோல். புதிதில் பிஸ்கட் நிறத்தில் இருக்கும். கை எண்ணெயும் வெயிலும் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வரும். நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் இப்படித்தான் கறுக்கும், தாத்தாவின் செருப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இருபது வருடப் பையில் கைப்பிடி மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தால், மாற்றியதா என்று கேளுங்கள். மாற்றியதில் தவறில்லை, மறைத்தால்தான் தவறு.

லண்டனிலிருந்து: விற்பவர் பைக்குள் இருக்கும் குறியீட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்: எஸ்பி 1029. "இதோ ஆதாரம்" என்கிறார். நம்பலாமா?

முதலில் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். லூயி வித்தோன் 1980-களின் தொடக்கத்திலிருந்து 2021 வரை இப்படிக் குறியிட்டது. எழுத்துகள் பட்டறையைக் குறிக்கும். 2007 முதல் ஒன்றாவது, மூன்றாவது இலக்கங்கள் வாரம். இரண்டாவது, நான்காவது இலக்கங்கள் ஆண்டு. 1029 என்றால் 2009-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். 1990 முதல் 2006 வரை வாரத்தின் இடத்தில் மாதம் இருக்கும். இது தெரிந்தால் சில போலிகள் உடனே மாட்டிக்கொள்ளும். 1492 என்று ஒரு பை என்னிடம் வந்தது. கணக்குப் போட்டால் 42-ஆம் ஆண்டு!

ஆனால் கணக்குச் சரியாக வருவதால் பை நிஜமாகிவிடாது. அது தனிப்பட்ட எண் அல்ல. அதே வாரம், அதே பட்டறையில் தைத்த பைகளுக்கெல்லாம் அதே குறியீடுதான். போலி செய்பவனுக்குப் பையிலேயே எளிதான வேலை அந்த நாலு எண்ணை அச்சடிப்பதுதான். 2021 மார்ச் முதல் குறியீட்டுக்குப் பதிலாகத் துணிக்குள் சிப் வைக்கிறார்கள்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? (மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்)

விற்பவரைப் பாருங்கள். பை உங்கள் கையில் இல்லை, அவர் கையில் இருக்கிறது. இன்றைய தேதி எழுதிய தாளைப் பையருகே வைத்து ஒரு படம் கேளுங்கள். பிறகு அடி மூலைகள், கைப்பிடி உடம்போடு சேரும் இடத்துத் தையல், ஜிப்பின் இழுப்பான், உள்ளே பிராண்ட் பெயர் பதித்த முத்திரை ஆகியவற்றை நெருக்கத்தில் கேளுங்கள். வித்தோன் முத்திரையில் 'ஓ' எழுத்து நல்ல வட்டமாக இருக்கும், 'எல்' எழுத்தின் கால் குட்டையாக இருக்கும். பை கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. "பிஸியாக இருக்கிறேன், படங்கள் போதுமானவை" என்று பதில் வந்தால் அடுத்த பையைப் பாருங்கள்.

இதை நான் கற்றது சொந்தக் காசில். முதல் ஆண்டில் 640 டாலருக்கு மூடி மடிந்து விழும் ஷனெல் பை ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். படங்கள் அவ்வளவு அழகு. பெட்டியைப் பிரித்ததும் பசை வாடை குப்பென்று வந்தது. பின்பக்கப் பாக்கெட்டைப் பார்த்தேன். நிஜப் பையில் உடம்பின் சாய்சதுரத் தையல் கோடு பாக்கெட் மீதும் முறியாமல் தொடர வேண்டும். இதில் பாக்கெட் விளிம்பில் கோடு அரை விரல் தள்ளி விழுந்திருந்தது. படங்கள் வேறொருவருடையவை. புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்க ஐந்து வாரம் அலைந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து: நான்தான் கடைசி வரை முன்னணியில் இருக்கிறேன். கடைசி ஐந்து நொடியில் யாரோ தட்டிக்கொண்டு போகிறார்கள். இது அநியாயம் இல்லையா?

ஈபே ஏலத் தளத்தில் "ஒருதரம், இரண்டுதரம்" கிடையாது, தம்பி. கடிகாரம் முடிந்தால் முடிந்தது. ஆனால் தோற்கடித்தது அந்த ஐந்து நொடி அல்ல, உங்கள் உச்சவிலை. நீங்கள் 500 டாலர் என்று உச்சவிலை கொடுத்தால் தளம் உடனே 500-ஐக் காட்டாது. அடுத்தவரின் உச்சம் 420 என்றால், ஒரு படி மேலே 425-இல் நிறுத்திவைக்கும். உங்கள் மனதில் 500 இருக்க 400 மட்டும் கொடுத்துவிட்டு, யாராவது மீறினால் ஏற்றலாம் என்று காத்திருந்தால் அந்த நொடியில் நேரம் இருக்காது.

ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசியில் யாராவது ஏலம் கேட்டால் நேரம் பத்து நிமிடம் நீளும். கடைசி நொடிப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகம் என்று கண்டார்கள், அதிலும் அனுபவசாலிகளிடம். ஜப்பானின் யாகூ ஏலத்தில் இன்றும் நேரம் நீளும் முறை இருக்கிறது.

நானும் கடைசி நொடியில்தான் கேட்பேன். முன்கூட்டியே கேட்டால் அடுத்தவருக்கு ரோஷம் வந்துவிடும். தொகையைக் காலையிலேயே காகிதத்தில் எழுதிவிடுவேன். இரவில் ஒரு டாலர்கூட ஏற்றமாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

ஜப்பானிலிருந்து வரும் பழைய பைகளை நம்பி வாங்கலாமா?

பெரும்பாலும் நல்ல சரக்கு, குறைகளை ஒளிக்காமல் எழுதுவார்கள். 'உள்ளே ஒட்டும் தன்மை' என்ற வரியைத் தவறவிடாதீர்கள். பழைய வித்தோன் பைகளின் உள்பாக்கெட் பூச்சு ஈரக்காற்றில் இளகி, உள்ளே கையை விட்டால் வெல்லப்பாகு போல ஒட்டும்.

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் 80 டாலர் குறைக்கிறேன் என்கிறார் விற்பவர்.

வேண்டாம். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பு என்பார் பாருங்கள். அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பே கிடையாது.

போலி விற்றால் தளம் பொறுப்பேற்காதா?

2008 ஜூன் 30 அன்று பாரிஸ் வணிக நீதிமன்றம், வித்தோனின் தாய் நிறுவனமான எல்.வி.எம்.எச். குழுமத்துக்கு ஈபே சுமார் 3.86 கோடி யூரோ கொடுக்க வேண்டும் என்றது. இரண்டே வாரத்தில், ஜூலை 14 அன்று, நியூயார்க் நீதிமன்றம் டிஃபனி நகை நிறுவனம் தொடுத்த வழக்கில் ஈபே பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிரெஞ்சுத் தொகை மேல்முறையீட்டில் வெகுவாகக் குறைந்து, 2014-இல் இரு தரப்பும் சமரசமாயின. உங்களுக்குப் பயன்படுவது தளத்தின் பணத் திருப்புதல் விதிதான். ஈபேயில் பொருள் வந்த 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பரிசாகக் கொடுக்கலாம் என்று பிரிக்காமல் பரணில் வைத்தால் போச்சு.

டல்லாஸிலிருந்து: என் நிஜப் பையை வாங்கியவர், அதே மாதிரி போலி ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வயிறு எரியும், தெரியும். இனிமேல் அனுப்புமுன் பையின் மச்சங்களைப் படமெடுங்கள்: வாரில் இருக்கும் கீறல், கொக்கியின் கருமை, உள்துணியில் பேனா மை. கட்டுவதையும் இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். 750 டாலருக்கு மேல் என்றால் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில் மட்டும் அனுப்புங்கள். ஈபேயின் நிஜத்தன்மை உத்தரவாதத்தில் சேரும் பைகள் முதலில் பரிசோதகரிடம் போய், பிறகே வாங்குபவரிடம் போகின்றன. திரும்பும்போதும் அவர்கள் வழியாகத்தான் வரும். கட்டணம் கசந்தாலும் அந்த வழியில் விற்பதே எனக்கு நிம்மதி. கைப்பைக்கு நான் கடைசியாகக் கொடுத்த கட்டணம் விற்ற விலையில் 15 சதவீதம்.

விலை வைக்கும்போது மற்றவர்கள் *கேட்கும்* விலையைப் பார்க்காதீர்கள், *விற்றுமுடிந்த* விலையைப் பாருங்கள். கோச் போலப் பலர் தேடும் பையைக் குறைந்த விலையில் தொடங்கிவிடுவேன். ஷனெலுக்கு அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

சென்னையில் இருக்கும் அம்மாவுக்கு ஏலத்தில் எடுத்த மலைப்பாம்புத் தோல் பையை அனுப்பலாமா?

சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின்படி உரிய அனுமதிச் சீட்டுகள் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான். அம்மாவுக்குப் பட்டுப்புடவை வாங்கிக் கொடுங்கள்.

கடைசிக் கேள்வி, துபாயிலிருந்து: ஜேன் பர்கின் பை 86 லட்சம் யூரோவுக்குப் போனதாமே. கடன் வாங்கி ஒரு பர்கின் வாங்கிப் போட்டால் லாபம் வருமா?

2025 ஜூலையில் பாரிஸ் சதபீஸ் ஏலத்தில் போனது, நடிகையும் பாடகியுமான ஜேன் பர்கினுக்காகவே முதன்முதலில் செய்த பை. அவர் பெயரில்தான் பர்கின் பைகள் வருகின்றன. அவர் தினமும் தூக்கித் திரிந்து, ஒட்டுப்படங்கள் ஒட்டி, 1994-இல் எய்ட்ஸ் நிதிக்காகக் கொடுத்துவிட்டது. மூடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இருக்கின்றன, வாரில் ஒரு நகவெட்டிகூடத் தொங்குகிறது. உங்கள் நகவெட்டிக்கு யார் பணம் கொடுப்பார்கள்? கைக்காசில் வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வதென்றால் சொல்லுங்கள், படங்களை நானும் பார்த்துத் தருகிறேன்.