முன்பக்கத்தில் ‘உண்மை’ என்று போட்டிருந்தாலும்

கல்லடித் தங்கைக்கு,

‘டாவின்சி கோட்’ நாவலை வாசித்ததிலிருந்து பூசைக்குப் போக மனம் வரவில்லை, அதில் எது உண்மை என்று கேட்டிருந்தீர்கள்.

வில்லங்கமே முன்பக்கத்தில் ‘உண்மை’ என்று போட்டிருப்பதுதான். 1099இல் தோன்றியதாக அங்கே சொல்லப்படும் சீயோன் இரகசியச் சங்கம், 1956இல் பியேர் பிளான்டார் என்ற பிரெஞ்சுக்காரர் பதிவு செய்தது. அது பழைய சங்கம் என்று காட்டும் போலிப் பத்திரங்களை அவரும் கூட்டாளிகளும் பாரிஸ் தேசிய நூலகத்திலேயே சேர்ப்பித்திருந்தார்கள்; என்ன துணிச்சல்!

325இல் நிக்கேயாவில் ஆயர்கள் கூடியது மெய். ஆனால் நாவல் சொல்வதுபோல் இயேசு அங்கே வாக்கெடுப்பில் கடவுளாகவில்லை. கிறிஸ்தவர்கள் அவரைக் கடவுளாகப் பாடுவதை உரோம ஆளுநர் பிளினி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கடிதத்தில் எழுதிவிட்டார். நம் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் ஓசையும், அது கடற்கன்னியின் பாட்டு என்ற கதையும் போலத்தான்: ஓசை உண்மை.

நாவலில் வரும் ஓபஸ் தேய் என்ற கத்தோலிக்க அமைப்பும் இருக்கிறது. நாவல் காட்டும் துறவிகள்தான் அதில் இல்லை.