மவுண்ட் ரோடு படம் 1955-ல் எடுத்ததா?

கேள்வி: தாத்தாவின் ஆல்பத்தில் மவுண்ட் ரோடு படம் ஒன்று இருக்கிறது. பின்னால் முழுதாகக் கட்டி முடித்த எல்.ஐ.சி. கட்டடம், சாலையில் இரண்டு அம்பாசடர், ஓரத்தில் ஒரு கை ரிக்‌ஷா. 1955-ல் எடுத்தது என்கிறார் அப்பா. சரியாக இருக்குமா?

பதில்: இருக்காது. எல்.ஐ.சி. கட்டட வேலை 1953-லேயே தொடங்கியது. ஆனால் திறப்பு விழா நடந்தது 1959 ஆகஸ்டில். சாரம் எதுவும் தெரியாமல் கட்டடம் முழுதாக நிற்பதால், 1959-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்த படம் என்று தாராளமாகச் சொல்லலாம். கை ரிக்‌ஷாவை அரசு ஒழித்தது 1973-ல். ஆக, இப்போதைக்கு ஏறக்குறைய 14 வருட இடைவெளி கையில் இருக்கிறது. இனி அதை இரண்டு பக்கமும் நெருக்க வேண்டும்.

படத்தில் தெரியும் ஒவ்வொன்றையும் பார்த்து, எப்போது வந்தது, எப்போது போனது என்று கேளுங்கள். வண்டிகள் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அம்பாசடர் 1957 வாக்கில் வந்தது; அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஓடியது. அதை வைத்துப் படம் எவ்வளவு பிந்தியது என்று சொல்லவே முடியாது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கண்ணில் பட்டால் 1961-க்கு முந்தைய படம் இல்லை. பேருந்தில் 'பல்லவன்' என்ற பெயர் இருந்தால் 1972-க்குப் பிந்தையது. கை ரிக்‌ஷாவைப் போல டிராமும் விதிவிலக்கு: 1953 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், ஓடும் டிராம் இருக்கிற படத்துக்கு 'இதற்குப் பிந்தியதல்ல' என்ற மேல் எல்லை கிடைத்துவிடும்.

இல்லாத பொருளும் பேசும். மவுண்ட் ரோடும் வாலாஜா சாலையும் சந்திக்கும் ரவுண்டானா வரை படத்தில் தெரிகிறதா? அங்கே அண்ணா சிலை திறந்தது 1968 ஜனவரி 1. சந்திப்பு முழுதாகத் தெரிந்தும் சிலை இல்லையென்றால் உங்கள் படம் 1959-67 என்று சுருங்கிவிடும். அதேபோல ஜெமினி மேம்பாலம் 1973. இன்னும் பழைய படங்களுக்கு, மவுண்ட் ரோட்டில் நின்ற, பிரிட்டிஷ் படை அதிகாரி கர்னல் நீலின் சிலை நல்ல குறி. 1937-ல் அதை அகற்றிவிட்டார்கள். ஒன்று கவனியுங்கள்: சிலை நிற்கும் இடம் படத்தின் சட்டகத்துக்குள் விழுந்திருந்தால்தான் 'இல்லை' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. மரமோ பேருந்தோ மறைத்திருந்தால் அந்தச் சாட்சியை விட்டுவிடுங்கள்.

நான் அதிகம் நம்புவது எழுத்துகளைத்தான். கடைப் பலகையில் முகவரி 'மெட்ராஸ்-2' என்று முடிந்தால் பழைய அஞ்சல் மண்டல எண். '600 002' என்றால் பின்கோடு வந்த 1972 ஆகஸ்டுக்குப் பிறகு எழுதியது. பலகையை உடனே மாற்றாத கடைகள் ஏராளம் என்பதால், பழைய முகவரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புதிய முகவரியை நம்பலாம். சுவரில் அ.தி.மு.க.வின் இரட்டை இலை இருந்தால் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு முன் போவதற்கில்லை.

எல்லாவற்றையும் விடத் துல்லியமானது சினிமா போஸ்டர். பலகை இருபது வருடம் தொங்கும். போஸ்டரின் மேல் சில வாரங்களில் அடுத்த போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். 'இன்று முதல்' என்றோ '50-வது நாள்' என்றோ இருந்தால் அந்த சினிமா வெளியான தேதியிலிருந்து எண்ணி, மாதத்தையே பிடித்துவிடலாம். பழைய சினிமாக்கள் இரண்டாம் சுற்றாகவும் ஓடும். எனவே தியேட்டர் பெயரையும் சேர்த்துப் படித்து, அந்த நாளைய செய்தித்தாள் விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைத் தேடலாம்.

படத்தின் பின்புறம் ஆண்டு எழுதியிருந்தால், அது பிரிண்ட் போட்ட வருடமாகவோ பிற்பாடு நினைவிலிருந்து எழுதியதாகவோ இருக்கக்கூடும். உங்கள் அப்பா சொன்ன 1955 இப்படி வந்திருக்க வாய்ப்புண்டு.

செல்போனில் எடுத்த நகல் போதாது. படத்தை 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, சுவர்களையும் அம்பாசடரின் முன் கிரில்லையும் பெரிதாக்கிப் பாருங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த மார்க் 2 மாடல் அம்பாசடரில் கிரில் மாறியது. அது மார்க் 2 என்றால் கீழ் எல்லையும் இன்னும் சில வருடம் மேலே ஏறும்.