இரண்டு பௌர்ணமி, இரண்டு ஈஸ்டர்: வாத்தியாரைக் கேளுங்கள்

கேள்வி: வாத்தியார் ஐயா, இந்த 2026-ல் நமக்கு ஈஸ்டர் ஏப்ரல் 5. என் மகன் வேலை பார்க்கும் கப்பலில் கிரேக்க மாலுமிகளுக்கு ஏப்ரல் 12-ஆம். 1700 வருஷத்துக்கு முன்னாலேயே நிசேயாவில் மாநாடு கூடி இதை முடித்துவிட்டார்கள் என்று போன வருஷம் பிரசங்கத்தில் கேட்டேனே?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: பிரசங்கியார் பாதிக் கதை சொல்லியிருக்கிறார் அம்மா. மீதிப் பாதியில்தான் ருசி.

நிசேயா என்பது இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்ற ஏரிக்கரை ஊர். 325-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்கே மாநாட்டைக் கூட்டினார். கிறிஸ்துவின் தெய்வத்தன்மையைப் பற்றி ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய தகராறுதான் பெரிய விஷயம். கூடவே ஈஸ்டர் தேதியும் வந்தது. கிழக்கே சில சபைகள் யூதர்கள் பஸ்கா வைக்கும் நாளைப் பார்த்துத் தங்கள் பண்டிகையை வைத்துக்கொண்டிருந்தன. ரோமும் எகிப்தின் அலெக்சாந்திரியாவும் தாங்களே கணக்குப் போட்டன. இனி எல்லாரும் ரோமையும் அலெக்சாந்திரியாவையும் ஒட்டி ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவானது. அவ்வளவுதான். மாநாடு இயற்றிய 20 சட்டங்களில் ஈஸ்டர் கணக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்த முடிவே அப்போது எழுதிய கடிதங்களின் வழியாகத்தான் நமக்குத் தெரிய வந்தது.

கணக்கு அலெக்சாந்திரியாவின் கைவண்ணம். இரவும் பகலும் சமமாகும் நாளை மார்ச் 21 என்று வைத்துக்கொள், அதை ஒட்டியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பார், அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டர். 19 வருஷத்துக்கு ஒருமுறை பௌர்ணமிகள் அதே தேதிகளுக்குத் திரும்பிவிடும் என்பதால் அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளலாம். உபதேசியாராக இருந்த என் அப்பாவிடம் ஒரு பழைய இங்கிலீஷ் ஜெபப்புத்தகம் இருந்தது. அதன் முன்பக்கங்களில் இருந்த 'பொன் எண்' (19 வருஷச் சுற்றில் அது எத்தனையாவது வருஷம் என்று காட்டும் எண்) அட்டவணையை வைத்துத் தேதி கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சிறுவயது விளையாட்டு. நான் கணக்கு வாத்தியார் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அட்டவணையில் சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. ஜூலியன் காலண்டரின் வருஷம் உண்மையான வருஷத்தைவிட 11 நிமிஷம் நீளம். 128 வருஷத்தில் அது ஒரு நாளாகிவிடும். 1582-ல் போப் கிரிகோரி, அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 என்று அறிவித்துப் பத்து நாளை ஒரே வாயில் விழுங்கினார். நிலவுக் கணக்கையும் திருத்தினார். ரோம் சொல்லி நாங்கள் கேட்பதா என்று ஆர்த்தடாக்ஸ் எனப்படும் கிழக்கத்திய சபைகள் பழையதையே பிடித்துக்கொண்டன. இன்றைக்குப் பழைய காலண்டர் 13 நாள் பின்னால் ஓடுகிறது.

இந்த வருஷத்தையே பாருங்கள். வானத்தில் பௌர்ணமி ஏப்ரல் 2, வியாழக்கிழமை. எனவே நமக்கு 5-ஆம் தேதி ஞாயிறு. பழைய அட்டவணையில் அதே பௌர்ணமி 6-ஆம் தேதி திங்கட்கிழமைதான் வருகிறது. எனவே கிரேக்கர்களுக்கு அதற்கடுத்த ஞாயிறு, 12. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சனிப்பெயர்ச்சித் தேதி ஒத்துப்போகாமல் நம் ஊரில் நடக்கும் வாதம் தெரியும் அல்லவா? அதே கதைதான்.

கேள்வி: நிசேயாவுக்கு வந்த பேராயர்கள் சரியாக 318 பேரா?
– ஒரு வாசகர், சாயர்புரம்

பதில்: ஆபிரகாம் போருக்குக் கூட்டிப்போன ஆட்களின் எண்ணிக்கையும் 318. ஆதியாகமம் 14:14 பாருங்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்த எண் பிடித்துப்போயிற்று. வந்தவர்கள் அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

கேள்வி: நிசேயா மாநாடு ஞாயிற்றுக்கிழமை முழங்காற்படியிடக் கூடாது என்று சட்டம் போட்டதாமே? நம் சபைகளில் ஞாயிறு தவறாமல் முழங்காற்படியிடுகிறோமே!
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். இருபதாவது, அதாவது கடைசிச் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஈஸ்டர் தொடங்கிப் பெந்தெகொஸ்தே வரையிலான ஐம்பது நாளும் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும்.

இதற்குப் பின்னால் காலத்தைப் பற்றிய ஆழமான ஒரு யோசனை இருக்கிறது. செசரியாவின் பேராயர் பசிலியுஸ் அதே நூற்றாண்டில் விளக்குகிறார். ஞாயிறு வாரத்தின் முதல் நாள், அதுவே எட்டாம் நாளும் கூட. ஏழு நாளும் சுழன்று சுழன்று வரும். எட்டாவது அந்தச் சுழற்சிக்கு வெளியே நிற்கும் நாள், வரப்போகும் முடிவில்லாத காலத்தின் சாயல். அதில் எழுந்து நிற்பதுதான் முறை. காரணம் தெரியாமலே நிற்கிறவர்கள் நிறையப் பேர் என்று அவர் அப்போதே குறைபட்டுக்கொண்டார். ரோமில் லாத்தரன் ஞானஸ்நானக் கட்டடம் எண்கோணமாக இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த எட்டுக்கும் இதே அர்த்தத்தைத்தான் சொல்வார்கள்.

மேற்கத்திய சபைகளில் இந்தப் பழக்கம் மெல்ல மறைந்துபோனது. நாம் அவர்கள் வழி வந்தவர்கள், அதனால் முழங்காற்படியிடுகிறோம். எனக்கு எண்பது வயது. பாவ அறிக்கையின்போது நான் நிற்பதைப் பார்த்து யாராவது முறைத்தால் இருபதாவது சட்டத்தைச் சொல்லிவிடுவேன். டாக்டர் சீட்டைவிட அதற்கு மரியாதை அதிகம்.

கேள்வி: 2025 அக்டோபரில் எகிப்தில் உலகச் சபைகளின் இறையியல் மாநாடு நடந்ததே. அத்தனை மேதாவிகள் கூடியும் ஒரு தேதியை முடிவு செய்ய முடியவில்லையா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நீங்கள் சொல்வது 24 முதல் 28 வரை வாடி எல் நத்ரூனில் நடந்த 'விசுவாசமும் ஒழுங்கும்' ஆறாவது உலக மாநாடு. பாலைவனத் துறவிகளின் பழைய மடங்கள் இருக்கும் இடம். நிசேயாவின் 1700-வது ஆண்டுக்காகவே அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த மாநாடு பேசலாம், பரிந்துரைக்கலாம். உத்தரவு போட அதற்கு அதிகாரம் கிடையாது. 1927-ல் லோசானில் நடந்த முதல் மாநாட்டிலும் அப்படித்தான். அதில் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா எழுந்து, ஐரோப்பாவுக்கு ஒற்றுமை ஒரு நல்ல ஆசையாக இருக்கலாம், எங்களுக்கோ அது உயிர்ப்பிரச்சினை என்ற பொருளில் பேசினார். கேட்டவர்கள் நெகிழ்ந்திருக்கலாம், சபைகள் நகரவில்லை.

தேதிக்காகவே கூடிய முக்கியமான கூட்டம் 1997 மார்ச்சில், சிரியாவின் அலெப்போவில். கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், அவர்கள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நிசேயா விதியை அப்படியே வைத்துக்கொள்வோம், பௌர்ணமியையும் சமநாளையும் பழைய அட்டவணையில் தேடாமல் இன்றைய வானியலால் கணிப்போம், எருசலேமின் நேரத்தை அளவாகக் கொள்வோம் என்றார்கள். 2001-ல் இரு தரப்புக்கும் ஈஸ்டர் ஏப்ரல் 15-ல் சேர்ந்தே வந்தது. அதிலிருந்து தொடங்கலாம் என்பது திட்டம். நமக்கும் அதில் இழப்பு உண்டு. 2019-ல் நாம் ஏப்ரல் 21-ல் கொண்டாடினோம். அலெப்போ கணக்குப்படி அது மார்ச் 24-லேயே முடிந்திருக்கும்.

2001 வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை.

ரொம்ப நாள் இதைப் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 1923-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்த்தடாக்ஸ் சபைகள் கூடிக் காலண்டரைத் திருத்தின. செர்பியாவின் விஞ்ஞானி மிலான்கோவிச் போட்டுக்கொடுத்த கணக்கு கிரிகோரி காலண்டரைவிடத் துல்லியம். (அவருடைய சொந்தச் செர்பிய சபை இன்றுவரை அதை ஏற்கவில்லை, பாவம்.) மறுவருஷம் கிரேக்க சபை கிறிஸ்துமஸ் முதலான நிலையான பண்டிகைகளை மட்டும் மாற்றிப் பார்த்தது. அதற்கே 'பழைய காலண்டர்க்காரர்கள்' என்று ஒரு கூட்டம் பிரிந்துபோய் இன்னும் தனியாக நிற்கிறது. ஈஸ்டரைத் தொட்டால் என்ன ஆகும் என்ற பயம் அந்தப் பேராயர்களுக்கு இருக்காதா? 2023-ல் உக்ரைன் சபைகள் கிறிஸ்துமஸை டிசம்பர் 25-க்குக் கொண்டுவந்தன. ஈஸ்டரில் கை வைக்கவில்லை.

அலெப்போவைப் பற்றி எழுதும்போது இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போது அந்த நகரின் சிரிய ஆர்த்தடாக்ஸ் பேராயர் மார் கிரெகோரியோஸ் யோகன்னா இப்ராகிம். 2013 ஏப்ரலில் அவரையும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பேராயர் பவுலோஸ் யாசிஜியையும் சேர்த்துக் கடத்திப் போனார்கள். இருவரும் திரும்பவில்லை.

கேள்வி: ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு என்று நிலையாக வைத்துத் தொலைத்தால் என்ன?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏறக்குறைய அப்படியே 1928-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஏப்ரல் இரண்டாம் சனிக்கு அடுத்த ஞாயிறு. இன்னும் அமலுக்கு வரவில்லை! நிலவை விட்டுவிட்டால் பஸ்காவோடு இருக்கும் உறவு அறுந்துபோகும் என்பது ஆட்சேபணை. எனக்கும் அதில் உடன்பாடு. பௌர்ணமி இல்லாத ஈஸ்டர் எனக்குச் சப்பென்று இருக்கும்.

கேள்வி: சரி, தேதி ஒத்துப்போகாத சபைகள் ஒன்றையொன்று எப்படித்தான் நடத்துவது? ஆதிச் சபையில் ஏதாவது முன்மாதிரி உண்டா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: இரண்டு உண்டு, ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. சுமார் 155-ல் சிமிர்னாவின் முதிய பேராயர் பொலிகார்ப் ரோமுக்கு வந்தார். அவர் ஊரில் கிழமை எதுவானாலும் யூதக் காலண்டரின் நிசான் மாதம் 14-ஆம் நாள் பஸ்கா. ரோமில் ஞாயிறு. ரோமின் பேராயர் அனிசேத்துஸும் அவரும் பேசிப் பார்த்தார்கள், ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் அனிசேத்துஸ் தம் சபையிலேயே திருவிருந்தை நடத்தும்படி பொலிகார்ப்பை முன்னால் நிறுத்தினார். சுமார் 190-ல் ரோமின் பேராயர் விக்டர் அதே விஷயத்துக்காக ஆசியச் சபைகளை (அன்றைக்கு ஆசியா என்றால் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி, சிமிர்னாவும் அங்கேதான்) விலக்கி வைக்கப் பார்த்தார். லியோனிலிருந்து இரேனியுஸ் எழுதி அவரைக் கண்டித்தார். அந்தக் கடிதத்தில்தான் பொலிகார்ப் கதையை நினைவுபடுத்துகிறார்.

கேள்வி: நீங்கள் எத்தியோப்பியாவில் வேலை பார்த்தவராமே. அங்கே வருஷத்துக்கு 13 மாதம் என்பது நிஜமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நிஜம். முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், மிச்சமுள்ள ஐந்தாறு நாள் பதின்மூன்றாவது. வருஷப்பிறப்பு செப்டம்பரில். அங்கே இப்போது 2018 நடக்கிறது! கிறிஸ்து பிறந்த ஆண்டை அவர்கள் அன்னியானுஸ் என்ற அலெக்சாந்திரியத் துறவியின் கணக்கிலிருந்து எண்ணுகிறார்கள். நாமோ, டயோனீசியுஸ் என்ற துறவி 525-ல் ஈஸ்டர் அட்டவணை போடும்போது எண்ணத் தொடங்கிய ஆண்டிலிருந்து எண்ணுகிறோம். அந்தச் சபையின் முதல் பேராயர் புருமெந்தியுஸை அபிஷேகம் செய்து அனுப்பியவர் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ். நிசேயாவுக்கு உதவிக்குருவாகப் போயிருந்த அதே அத்தனாசியுஸ்தான். அதனால் அலெக்சாந்திரியாவின் காலக்கணக்கு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்திய வாத்தியார்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனோம். எனக்குக் கோண்டர் நகரில் ஓர் அரசுப் பள்ளி. சேர்ந்த வாரமே "நாளைக்கு மூன்று மணிக்குப் பரீட்சை" என்றார்கள். நான் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு, பகல் மூன்று மணிக்குப் போனால் பள்ளி பூட்டிக் கிடந்தது. அங்கே மணி சூரியோதயத்திலிருந்து எண்ணுவது. மூன்று மணி என்றால் நம் காலை ஒன்பது. நம் தாத்தாமார் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதை மறந்துபோன எனக்கு அது தேவைதான்.

1970-ல் நம் ஈஸ்டர் மார்ச் 29. அவர்களுக்கு ஏப்ரல் 26. என் பண்டிகையன்று அந்த ஊரே 55 நாள் நோன்பில் இருந்தது. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. வீட்டுக்காரம்மாவிடம், இன்று எங்களுக்கு உயிர்த்தெழுந்த பண்டிகை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அம்ஹாரிக்கில் சொன்னேன். நான் கேட்கவில்லை, அந்த அம்மாளே கோழி வாங்கிவரச் சொல்லி, வெங்காயத்தை மணிக்கணக்கில் வதக்கி, 'தோரோ வாட்' குழம்பு வைத்துக் கொடுத்தார். நோன்பில் இருந்ததால் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கவில்லை. உப்பு கரித்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 26 விடிகாலை மூன்று மணிக்கு (நம் மூன்று மணி) கதவைத் தட்டினார். கோயிலில் இரவெல்லாம் நின்றுவிட்டு வெள்ளைச் சால்வையோடு வந்திருந்தார், கையில் மூடிய தட்டு. அதே குழம்பு. இந்த முறை ருசி பார்த்துச் செய்திருந்தார்.