கரி நெருப்பு வைத்த அறையில் அம்மா தூங்கலாமா?

கேள்வி: உதகை அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. உறைபனிக் காலத்தில் இரும்புச் சட்டியில் கரி நெருப்பை வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் தூங்குவார். காலடியில் வெந்நீர்ப் பையும் இருக்கும். சில நாட்களாகக் காலையில் எழும்போது தலைவலி, தலைசுற்றல். வெளியே வெயிலில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. குளிர்தான் காரணமா?

பதில்: அந்தக் கரிச் சட்டியை இன்று இரவே அறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான்.

வெளிக்காற்றில் தலைவலி விட்டுவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி என்னைக் கவலைப்பட வைக்கிறது. மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். புகை அடங்கி நன்றாகக் கனன்ற கரிக்கு ஆபத்தில்லை என்று மலையில் பலர் நம்புகிறார்கள். புகை நின்றாலும் வாயு நிற்பதில்லை. ஜன்னலை விரற்கடை திறந்து வைப்பதையும் நம்ப முடியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். காலையில் எழுப்பினாலும் விழிக்கவில்லை, அல்லது பேச்சு தடுமாறுகிறது என்றால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். அதே அறையில் தூங்குகிறவர்களுக்கும் தலைவலி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கரிக்குப் பதில், எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் நல்லது. 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். கம்பளி, திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்கிறது. முதியவர்களுக்கு அதற்குச் சற்று மேலே இருப்பது நல்லது. கதவடியில் வரும் குளிர்காற்றைப் பழைய சேலையைச் சுருட்டி அடைக்கலாம், ஆனால் கரி வெளியே போன பிறகு மட்டும். கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய துணிகள் இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, தலையையும் காதையும் மூடுவது உடல் சூட்டை நன்றாகக் காக்கும்.

அடுத்தது வெந்நீர்ப் பை. சர்க்கரையால் பாதத்தில் உணர்வு மங்கியவர்களுக்குச் சுடுவதே தெரியாது. குதிகாலில் கொப்புளம் உடைந்து, காலுறை புண்ணோடு ஒட்டிக்கொண்ட பிறகே கவனித்த ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புண் ஆற மாதக் கணக்கானது. பையைப் படுக்கைக்குள் முன்கூட்டியே வைத்து, அம்மா படுக்க வரும்போது எடுத்துவிடுங்கள். தினமும் பகல் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள்.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறும். ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். மூக்கடைப்பு மாத்திரைகள் சில அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், இரவில் அங்கே போவதை அடியோடு நிறுத்துங்கள். கட்டிலருகே கமோடு நாற்காலி ஒன்று போதும். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும். வெறும் கம்பளிக் காலுறை சிமெண்டுத் தரையில் வழுக்கும். அடியில் ரப்பர் பிடிப்பு உள்ளதாக வாங்குங்கள். இரவில் எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பார்கள். பகலிலேயே வெந்நீராகக் குடிக்கக் கொடுங்கள்.

துணிக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டால் சில்லென்று இருப்பது, பேச்சு குழறுவது, காரணமில்லாமல் தூங்கி வழிவது ஆகியவை உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். முதியவர்களுக்கு நடுக்கமே வராமலும் போகலாம். வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடாமல் கம்பளியால் போர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சூடு ஏறட்டும் என்று பிராந்தி கொடுக்காதீர்கள். அது உடலின் சூட்டைத் தோல் வழியே வெளியேற்றிவிடும்.

கரியை எடுத்து இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகும் தலைவலி நீடித்தால், காரணம் வேறாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கரி வைத்துத் தூங்கிய விவரத்தையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.