டிவிடி பிளேயர்: படம் ஏன் உறைகிறது, நிறம் எங்கே போகிறது?

புதிதாக எல்இடி டிவி வாங்கினோம். பழைய டிவிடி பிளேயரை இணைத்தால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. பழைய டிவியில் கலர் நன்றாகத்தானே இருந்தது?
– வாசகி, காரைக்குடி

பிளேயரில் கோளாறு இல்லை, படத்தைக் கொண்டுவரும் வயரின் மஞ்சள் பின் இடம் மாறியிருக்கிறது. டிவியின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று ‘காம்போனென்ட்’ எனப்படும் மூன்று வீடியோ துளைகள் இருக்கும். பச்சை துளை வெளிச்ச அளவை மட்டும் வாங்கிக்கொள்ளும். மஞ்சள் பின்னை அதில் செருகினால் கலர் வராது. பல புதிய டிவிகளில் பச்சை, மஞ்சள் இரண்டுக்கும் ஒரே துளைதான். அப்படியானால் பின்னை எடுக்க வேண்டாம், ரிமோட்டில் சோர்ஸை ‘காம்போனென்ட்’டிலிருந்து ‘ஏவி’க்கு மாற்றினால் போதும்.

அப்போதும் கலர் வராவிட்டால் பிளேயரின் செட்டப்பில் ‘டிவி சிஸ்டம்’ பகுதியைப் பாருங்கள். நம் ஊர் கலர் முறை பிஏஎல். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி என்றிருந்தால் பிஏஎல் அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். படமே காணாமல் போனால், யாரோ தெரியாமல் ‘புரோகிரசிவ் ஸ்கேன்’ பொத்தானை அழுத்தியிருக்கலாம். மஞ்சள் வயரில் அந்த சிக்னல் போகாது. டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, ரிமோட்டில் அதே பொத்தானைச் சில விநாடி இடைவெளி விட்டு மாற்றி மாற்றி அழுத்துங்கள்.

பாட்டு சிடி ஓடுகிறது. டிவிடி போட்டால் மட்டும் ‘நோ டிஸ்க்’. லென்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், மன்னார்குடி

இருக்கலாம். ஆனால் சுத்தம் செய்து பார்க்காமல் அப்படி முடிவு கட்டக் கூடாது. லென்ஸைத் தாங்கி டிஸ்க்கைப் படிக்கும் பாகத்துக்கு ‘பிக்கப்’ என்று பெயர். ஒரே பிக்கப்புக்குள் இரண்டு லேசர்கள் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். ஒன்று தளர்ந்தாலும் மற்றது வேலை செய்யும். அதே சமயம், டிவிடியின் தடங்கள் சிடியைவிட இரண்டு மடங்கு நெருக்கமானவை. சிடி 1.6 மைக்ரான், டிவிடி 0.74 மைக்ரான். லென்ஸில் மெல்லிய தூசிப் படலம் இருந்தாலே டிவிடிதான் முதலில் அடிவாங்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகே மூடியைக் கழற்றுங்கள். பவர் சப்ளை போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. இயர்பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு நனைத்து, நீல நிறத்தில் மின்னும் லென்ஸை அழுத்தாமல் துடையுங்கள். முடியளவு மெல்லிய கம்பிகளில்தான் அது தொங்குகிறது. எச்சில், சென்ட், பெட்ரோல் எதுவும் வேண்டாம். பிக்கப் நகரும் தண்டில் பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தால் அதையும் துடைத்துவிட்டு, ஒரு பொட்டு புது கிரீஸ் தடவுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ‘நோ டிஸ்க்’ வந்தால் பிக்கப்பை மாற்றலாம். அதன்மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். புது பிக்கப் பலவற்றில், நிலைமின்சாரம் தாக்காமல் இருக்க ஒரு பொட்டு ஈயம் வைத்திருப்பார்கள். பட்டைக் கேபிளைச் செருகிய பிறகு அந்த ஈயத்தைப் பற்றவைப்பானால் எடுக்க வேண்டும். அதை மறந்தால் புதியதும் ‘நோ டிஸ்க்’ என்றே சொல்லும், நல்ல பொருள் குப்பைக்குப் போகும். பிக்கப்பில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி லேசரைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு லேசர் டையோடு ஒரேயடியாக எரிந்துவிடும்.

சுவிட்ச் போட்டால் டிஸ்பிளே மினுக் மினுக்கென்று அணைந்து எரிகிறது. டிஸ்க் சுற்றவே இல்லை.
– வாசகர், விருதுநகர்

பவர் சப்ளையின் 5 வோல்ட் பகுதியில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் இருக்கும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட் 16 ஆக இருக்கலாம், 105 டிகிரி சூடு தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். பிளஸ் மைனஸ் மாறக் கூடாது.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாங்கி வந்த டிஸ்க் ‘ராங் ரீஜன்’ என்கிறது.
– வாசகி, நாகப்பட்டினம்

டிவிடிகளை உலக மண்டலம் வாரியாகப் பூட்டி விற்கிறார்கள். இந்தியாவுக்கு மண்டல எண் 5, சிங்கப்பூருக்கு 3. டிஸ்க் உறையில் உலக உருண்டைப் படத்துக்குள் எண் இருக்கும். ‘எல்லாம்’ என்றோ 5 என்றோ போட்டிருந்தால்தான் உங்கள் பிளேயரில் ஓடும்.

எங்கள் கல்யாண டிவிடி கடைசி இருபது நிமிடம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. கீறல் இல்லை. காப்பாற்ற வழி உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

உண்டு, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் வேறு இரண்டு டிஸ்க் போட்டுப் பாருங்கள். அவை கடைசிவரை ஓடினால் பிளேயர்மேல் குற்றமில்லை. டிஸ்க்கை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் படிக்கிறது. ஆகவே 4.7 ஜிபி டிஸ்க்கில் கடைசிக் காட்சிகள் விளிம்பை ஒட்டி இருக்கும். விரல் படுவதும் அங்கேதான், வளைவதும் அங்கேதான். ஸ்டுடியோவில் பதிந்து தரும் டிஸ்க்கில் ஒரு சாயப் பூச்சு உண்டு. வெயிலிலும் சூட்டிலும் அது வெளுக்கும், கீறலே இல்லாமல் கெடுவதற்கு இதுவே காரணம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். தடத்தோடு ஓடும் கீறல் தொடர்ச்சியாகத் தகவலை அழித்துவிடும். குறுக்கே விழுந்த கீறலைப் பிளேயர் ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். மேலே ஒட்டிய மணமக்கள் படத்தை உரிக்க வேண்டாம், உரித்தால் அடுக்கே பிரிந்து வரலாம். டூத்பேஸ்ட் வைத்தியமும் இப்போது வேண்டாம்.

பிறகு கணினியில் போட்டு ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டரைத் திறங்கள். உள்ளே 1 ஜிபி அளவில் ‘விஓபி’ என்ற வீடியோ ஃபைல்கள் நான்கைந்து இருக்கும். மொத்தமாக இழுத்துப் போட்டால் ஒன்று தடுக்கியதும் எல்லாமே நின்றுபோகும். ஒவ்வொன்றாக நகலெடுங்கள். தடுக்குவதைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு லினக்ஸ் இயங்குதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொரு டிரைவ் படிப்பது சகஜம், ஆகவே பக்கத்து வீட்டுக் கணினியிலும் முயன்று பாருங்கள். ஆல்பம் போட்ட ஸ்டுடியோவிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், மூலப் பதிவு அவர்கள் ஹார்டு டிஸ்க்கில் இன்னும் இருக்கலாம்.